கீமோ தலைக்கு ஒரு குரோஷா தொப்பி: கேட்பதில் தொடங்கி கொடுப்பது வரை

முடி கொட்டவைக்கும் கீமோ மருந்து என்றால், முதல் தவணை ஏறிய இரண்டு மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பித்துவிடும். கொட்டும்போதே பலருக்கு உச்சந்தலை எரியும், சிலருக்குத் தலையணை பட்டாலே கூசும். அந்தத் தலைக்குத்தான் நாம் தொப்பி பின்னப்போகிறோம். ஊட்டிக்குப் போகும்போது போட்டுக்கொள்ளும் தொப்பி வேறு, இது வேறு. முடி இருக்கும் தலை சொரசொரப்பைத் தாங்கும். இந்தத் தலை ஒரு முடிச்சைக்கூடத் தாங்காது. ஊட்டித் தொப்பியைக் கழற்றி வைத்துவிடலாம்; இதைப் பகல் முழுக்க, பலர் இரவிலும் போட்டிருப்பார்கள். அதுவும் நம் ஊர் வெயிலில்.

அதனால் வீட்டில் மிஞ்சிய உல்லன் நூலில் நான்கு தொப்பி பின்னிக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். மிஞ்சிய நூலுக்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் பார்ப்போம்.

நூலுக்கு முன்னால் கேட்க வேண்டியவை

1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற பெரிய இடமானாலும் சரி, மாவட்டத் தலைமை மருத்துவமனையின் கீமோ வார்டானாலும் சரி, கொக்கி ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் அங்கே ஒருமுறை பேசிவிட வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். இல்லாத இடத்தில் நர்சிங் சூப்பரின்டென்டன்ட், அல்லது வார்டு சிஸ்டர். கையால் செய்த பொருளை வாங்கிக்கொள்வீர்களா, பெண்களுக்கா ஆண்களுக்கா குழந்தைகளுக்கா, எத்தனை தேவை, துவைத்து உறையிட்டுத் தரவேண்டுமா என்று நான்கு கேள்வி போதும். சில இடங்களில் தொற்று பயத்தால் வாங்கமாட்டார்கள். அது அவர்கள் நோயாளிகளின் மேல் வைத்திருக்கும் அக்கறை, நம்மை அவமதிப்பது இல்லை.

ஒன்று கவனித்துப் பாருங்கள். தானம் செய்கிறவர்கள் பெரும்பாலும் குழந்தைகளுக்கென்று சின்னச் சின்னதாக, கலர் கலராகப் பின்னுவார்கள். ஐம்பது வயது ஆணுக்கு யாரும் பின்னுவதில்லை. சாம்பல், கருநீலம், காப்பிக்கொட்டை நிறத்தில் ஆண்கள் அளவில் பத்துத் தொப்பி என்று நீங்களே கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள்.

நூல்

பருத்தி. அதில் பேச்சே இல்லை. ஆனால் பருத்தியிலும் இரண்டு வகை உண்டு. மெர்சரைஸ்டு காட்டன் என்று பளபளப்பாக வருவது மேசைவிரிப்புக்கு நன்றாக இருக்கும். முறுக்கேறி, கொஞ்சம் விறைப்பாக நிற்கும். பளபளப்பில்லாத சாதாரணப் பின்னல் காட்டன் மெத்தென்று இருக்கும், வியர்வையையும் நன்றாக உறிஞ்சும். தொப்பிக்கு இரண்டாவதுதான் நல்லது. மூங்கில் நார் கலந்த காட்டன் கிடைத்தால் இன்னும் வழுவழுப்பாக இருக்கும், ஆனால் கனம் கூடும், நாளாக ஆகத் தொங்கும். அதில் பின்னினால் அளவை ஒரு சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள்.

தடிமன் 8 பிளை, அதாவது லேபிளில் டிகே என்று போட்டிருப்பது. பெரியவர் தொப்பி ஒன்றுக்கு ஏறத்தாழ 140 மீட்டர் பிடிக்கும், பருத்தியில் அது 65 முதல் 75 கிராம். 100 கிராம் வாங்கிவிடுங்கள். பாதியில் நூல் தீர்ந்து வேறு சாய லாட்டில் (வேறு தடவை சாயமேற்றிய தொகுதியில்) வாங்கினால், கடைசி ஐந்து சுற்று தனி நிறமாகத் தெரியும். லேபிளில் லாட் எண் இருக்கும். ஒரு தொப்பிக்கு ஒரே எண்ணாகப் பார்த்து வாங்குங்கள்.

கோன் நூல் கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். அது ஒவ்வொரு இழையும் மெல்லிசு. ஆறேழு இழை சேர்த்துப் பிடித்தால்தான் இந்தத் தடிமன் வரும். சேர்த்துப் பிடித்த இழைகளில் ஒன்றை ஊசி விட்டுவிட்டுப் போகும், விட்ட இழை உள்பக்கம் வளையமாக நீட்டிக்கொண்டு நிற்கும், அதில் கம்மல் மாட்டும், விரல் மாட்டும். கை நன்றாகப் பழகியவர்களுக்கு மட்டும் அது.

கடையில் நூலைப் பிடித்துப் பார்க்கும்போது உள்ளங்கையில் தேய்க்காதீர்கள், உள்ளங்கை எதையும் மெத்தென்றுதான் சொல்லும். காதுக்குக் கீழே கழுத்தில் வைத்து இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் உறுத்தினாலும் வேண்டாம்.

சாயம் போகிறதா என்று தெரிந்துகொள்ள, ஒரு முழம் நூலை வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் மடித்து அழுத்துங்கள். சிவப்பு, கரும்பச்சை, கருநீலம் மூன்றையும் சோதிக்காமல் தொடவே கூடாது. கீமோவில் வியர்வை அதிகம். சாயம் போகும் தொப்பி போட்டால் நெற்றியில் கோடு விழும்.

வெறும் வெள்ளையும் வெறும் கறுப்பும் எங்கள் கருத்தில் வேண்டாம். நம் வீடுகளில் இரண்டுக்கும் ஒரு பொருள் உண்டு, நோயாளியின் மாமியாரோ அத்தையோ அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, மயில்நீலம், பழுப்பு எல்லாம் புடவையோடும் சேரும், நைட்டியோடும் சேரும்.

ஊசியும் மாதிரித் துண்டும்

கொக்கி ஊசி 4 மி.மீ., விளிம்புக்கு 3.5 மி.மீ. அம்மா காலத்து லேஸ் ஊசிகளில் எண் மட்டும்தான் இருக்கும், அது மில்லிமீட்டர் இல்லை. அவை 1, 1.5 மி.மீ. அளவில் இருக்கும் எஃகு ஊசிகள், இதற்கு ஆகாது. இவை தவிர ஒரு சேஃப்டி பின், மொண்ணை முனையுள்ள நூல்கோக்கும் ஊசி, டேப்.

பின்னல் பெயர்களில் ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்கப் பெயரும் பிரிட்டிஷ் பெயரும் வேறு வேறு பின்னலைக் குறிக்கும். அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே என்பதைப் பிரிட்டிஷ்காரர் டபுள் குரோஷே என்பார்கள். இங்கே எல்லாம் அமெரிக்கப் பெயர். தொப்பிக்கு நாம் போடுவது ஹாஃப் டபுள். ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, கண்ணிக்குள் (முந்தைய வரிசைப் பின்னலின் வளையத்துக்குள்) நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் மூன்று வளையம் இருக்கும். மறுபடி நூலைப் பிடித்து மூன்றையும் ஒரே இழுப்பில் தாண்டவேண்டும். நூலைச் சுற்றாமல் போடும் குட்டையான சிங்கிளைவிடக் குழைவாக இருக்கும், உயரமான டபுளைப்போல் சல்லடையாகத் தெரியாது. இந்த இரண்டும் ஒன்றாக வேண்டும் என்பதால்தான் இந்தப் பின்னல். தலைத்தோல் தெரியக்கூடாது, காற்றும் போகவேண்டும்.

15 செ.மீ. சதுரத்துக்கு ஒரு மாதிரித் துண்டு போட்டு, துவைத்து, காயவைத்து, அதன் பிறகு நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். பருத்தி முதல் துவைப்பில் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும் என்பதால் துவைக்காமல் அளந்த அளவு பொய்யாகப் போகும். 10 செ.மீ.க்கு 16 கண்ணியும் 12 வரிசையும் வரவேண்டும். 18 வந்தால் கை இறுக்கம், 4.5 ஊசிக்குப் போங்கள். 14 வந்தால் 3.5. ஒரு தொப்பிக்கு மாதிரித் துண்டா என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். 16-க்குப் பதில் 18 வந்தால் 84 கண்ணித் தொப்பி 52.5 செ.மீ.க்குப் பதில் 46.7 செ.மீ. ஆகும். அது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத்தான் சேரும்.

தலை அளவு

பெண்களுக்குப் பொதுவாக 54 முதல் 56 செ.மீ., ஆண்களுக்கு 56 முதல் 59. முடி இல்லாதபோது ஒரு சென்டிமீட்டராவது குறையும். தொப்பி தலையைவிட 2 முதல் 4 செ.மீ. சின்னதாக இருந்தால் பிடித்து நிற்கும். அதற்குமேல் குறைத்தால் நெற்றியில் அச்சு விழும், தலைவலி வரும். பருத்தி உல்லன் மாதிரி நீண்டு கொடுக்காது என்பதை மறக்கவேண்டாம். உல்லன் தொப்பிக்கென்று எழுதிய கணக்கைப் பருத்தியில் அப்படியே போட்டால் இறுகிவிடும்.

பெண்களுக்கு 84 கண்ணி, ஆண்களுக்கு 88, மூன்றிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு 76.

பின்னும் முறை

மேஜிக் ரிங், அதாவது வாலை இழுத்தால் மூடிக்கொள்ளும் நூல் வளையம் போடுங்கள். வால் நூல் 15 செ.மீ. விடுங்கள், குறைக்க வேண்டாம். ஏன் என்று பின்னால் தெரியும். வளையத்துக்குள் 8 ஹாஃப் டபுள். வளையத்தை இழுத்து மூடுங்கள். சுற்றை ஸ்லிப் ஸ்டிட்ச் (உயரமில்லாத இணைப்புக் கண்ணி) போட்டு மூடாமல் அப்படியே சுருளாகத் தொடருங்கள். மூடி மூடிப் பின்னினால் உச்சியிலிருந்து விளிம்பு வரை ஒரு தழும்பு மாதிரி கோடு ஓடும். முடி உள்ள தலைக்கு அது ஒன்றும் செய்யாது, இந்தத் தலையில் அது உறுத்தும். சுருளில் தொடக்கம் தெரியாது என்பதால் ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் சேஃப்டி பின்னை மாட்டிக்கொண்டே போகவேண்டும்.

2-ஆம் சுற்று: ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு. 16.
3: ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு. இப்படியே எட்டு முறை. 24.
4: இரண்டு கண்ணியில் ஒவ்வொன்று, அடுத்ததில் இரண்டு. 32.
5-ஆம் சுற்றிலிருந்து 10 வரை இதே போக்கு, சுற்றுக்கு எட்டு கூடும்: 40, 48, 56, 64, 72, 80.

பத்தாம் சுற்று முடிந்ததும் கீழே வைத்து அளந்தால் வட்டத்தின் குறுக்களவு 16.5 செ.மீ.க்குப் பக்கத்தில் இருக்கவேண்டும்.

11-ஆம் சுற்று பெண்கள் அளவுக்கு: 19 கண்ணியில் ஒவ்வொன்று, இருபதாவதில் இரண்டு, நான்கு முறை. 84. ஆண்கள் அளவுக்கு: 9 கண்ணியில் ஒவ்வொன்று, பத்தாவதில் இரண்டு, எட்டு முறை. 88. பிள்ளைகள் அளவுக்கு ஒன்பதாம் சுற்றின் 72 கண்ணியோடு நிறுத்தி, பத்தாம் சுற்றில் 17 கண்ணிக்குப் பிறகு பதினெட்டாவதில் இரண்டு என்று நான்கு முறை கூட்டினால் 76.

இரட்டைக் கண்ணிகள் (ஒரே கண்ணியில் இரண்டு போட்ட இடங்கள்) ஒன்றின்மேல் ஒன்று நேராக விழுந்தால் வட்டம் எட்டு மூலை வைத்துக்கொள்ளும். அதைத் தவிர்க்க, இரட்டைப்படைச் சுற்றுகளில் கூட்டுவதைப் பாதித் தூரம் தள்ளித் தொடங்குங்கள். ஆறாம் சுற்றில் 'நான்கு ஒற்றை, ஒரு இரட்டை' என்பதற்குப் பதில் 'இரண்டு ஒற்றை, ஒரு இரட்டை, இரண்டு ஒற்றை'. எண்ணிக்கை மாறாது, மூலை மறைந்துவிடும்.

இனி கூட்டுவது கிடையாது. உச்சியின் நடுவிலிருந்து வளைவோடு டேப்பை ஓட்டினால் பெண்களுக்கு 20 செ.மீ. வரும்வரை நேராகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 24 சுற்று அளவில் வரும். ஆண்களுக்கு 21, பிள்ளைகளுக்கு 17. முடி இருக்கும் தலைக்குப் பின்னும் தொப்பியைவிட இது கொஞ்சம் ஆழம் என்று தோன்றும். முடி இருந்த எல்லை வரை நெற்றியையும், பின்கழுத்துக்கு மேலே உள்ள பள்ளத்தையும் மூடவேண்டும் என்பதால் அந்த ஆழம் தேவை. அந்தப் பள்ளம் வெளியே தெரிந்தால் குறை தொப்பியில் இருக்கும், கூச்சம் போட்டவருக்கு வரும்.

கடைசியில் சுருள் ஒரு படியாக நிற்கும். அதை இறக்க, இரண்டு கண்ணி சிங்கிள், ஒரு கண்ணி ஸ்லிப் ஸ்டிட்ச். பிறகு 3.5 ஊசிக்கு மாறி இரண்டு சுற்று சிங்கிள் குரோஷே. ஊசி மாறாமல் போட்டால் விளிம்பு பூ மாதிரி விரியும்.

எங்கே கெடும், ஏன் கெடும்

ஐந்து ஆறு சுற்றிலேயே வட்டம் கிண்ணம் மாதிரி குழிந்தால் கூட்டியது போதவில்லை, அல்லது நூலை மேலே இழுக்காமல் கண்ணியைக் குட்டையாகப் போடுகிறீர்கள். எண்ணிப் பாருங்கள், எண்ணிக்கை சரி என்றால் குற்றம் உயரத்தில். வட்டம் அப்பளம் மாதிரி அலை அலையாக நெளிந்தால் கூட்டியது அதிகம். லேசான நெளிவு நேர்ச்சுற்றுகளில் அடங்கிவிடும், கிண்ணம் மட்டும் தானாகச் சரியாகாது. பிரித்துவிடுங்கள்.

நேர்ச்சுற்றில் எண்ணிக்கை 84 என்று தொடங்கி 81, 79 என்று தேய்ந்துகொண்டே போவது பரவலாக நடக்கும் தவறு. சேஃப்டி பின் மாட்டிய கண்ணியைக் கடைசிக் கண்ணி என்று நினைத்து விட்டுவிடுவதால் வருவது. மூன்று சுற்றுக்கு ஒருமுறையாவது முழுதாக எண்ணுங்கள்.

இப்போது அந்த 15 செ.மீ. வால். பருத்தி நூல் வழுக்கும். மேஜிக் ரிங்கை இழுத்து ஓட்ட வெட்டிவிட்டால், நாலாவது துவைப்பில் உச்சியில் ஐந்து ரூபாய்க் காசு நுழையும் ஓட்டை விழும். வாலை ஊசியில் கோத்து வளையத்தைச் சுற்றி ஒரே திசையில் இரண்டு முழுச் சுற்று ஓட்டுங்கள், பிறகு எதிர்த்திசையில் பாதி, பிறகு ஒரு கண்ணியின் நூலைக் குத்திப் பிளந்துகொண்டு வெளியே. முடிச்சு கூடாது. பந்தின் நடுவிலேயே ஆலை போட்ட முடிச்சு வரும், அதையும் வெட்டியெடுத்துவிட்டுப் புது நூலாகச் சேர்க்கவேண்டும். சேர்க்கும் இடத்தில் இரண்டு வாலையும் 5 செ.மீ. வீதம் மூன்று திசையில் ஓட்டினால் எந்தத் துவைப்புக்கும் வராது.

முடித்ததும் தொப்பியை உள்பக்கம் வெளியே திருப்பி, நம் கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் முழுக்கத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத முண்டு விரலுக்குத் தெரியும். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எங்காவது துவாரம் தெரிந்தால் அங்கே தலை தெரியும்.

அலங்காரம் போட ஆசை வரும். போடலாம், ஆனால் மணி, பட்டன், ஜரிகை, பாம்பாம் உருண்டை எதுவும் வேண்டாம். தட்டையான ஒரு சின்னப் பூ, அதுவும் காதுக்கு முன்னால், நெற்றிப்பக்கமாக. பின்னாலோ பக்கவாட்டில் காதுக்கு மேலோ வைத்தால் படுக்கும்போது தலையணைக்கும் தலைக்கும் நடுவில் நெருடும்.

இதே கையோடு செய்யக்கூடிய இன்னொன்று

மார்பகம் அகற்றிய பெண்களுக்கு, உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளப் பருத்தியில் பின்னிய மார்பகம். சிலிகானில் வருவது விலையும் அதிகம், கனமும் அதிகம், வெயிலில் அடியில் வியர்த்துக் கொட்டும். பருத்தியில் பின்னியது அப்படி இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பார்பரா டெமொரெஸ்ட் தனக்கு நேர்ந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2011-ல் இதை ஒரு தொண்டாகத் தொடங்கினார். 'நிட்டட் நாக்கர்ஸ்' என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவில் மும்பையின் சாய்ஷா இந்தியா ஃபவுண்டேஷன் தன்னார்வலர்களைக் கொண்டு இவற்றைப் பின்னி இலவசமாகக் கொடுக்கிறது. தொப்பியில் கை நன்றாகப் படிந்த பிறகு இதற்கு வாருங்கள்.

அளவுக்கு ஒரு மாதிரி சொல்கிறோம். 3 மி.மீ. ஊசி, கொஞ்சம் மெல்லிய பருத்தி, சிங்கிள் குரோஷே, 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 24 சுற்று. மேஜிக் ரிங்கில் 6. சுற்றுக்கு ஆறு கூட்டி ஐந்தாம் சுற்றில் 30. அதன்பின் இரண்டு சுற்று கூட்டி, ஒரு சுற்று சும்மா. இப்படியே 96 கண்ணி வரும்வரை. அந்தச் சும்மாச் சுற்றுகள்தான் வட்டத்தைக் கூம்பாக எழுப்புகின்றன. அவை இல்லாவிட்டால் தோசைதான் வரும். அகலம் 14 செ.மீ., எழுச்சி ஐந்து செ.மீ.க்கு மேல். 96 ஆனதும் கண்ணியின் தலையில் உள்ள இரண்டு இழையில் பின்னால் இருப்பதில் மட்டும் குத்தி ஒரு சுற்று, ஓரம் மடிந்து நிற்கும். பிறகு சுற்றுக்கு ஆறு குறைத்துக்கொண்டே வந்து 24 கண்ணியில் நிறுத்துங்கள். நூலை ஒரு முழம் விட்டு வெட்டி, அந்த 24 கண்ணிக்குள்ளும் சுருக்குப்பை மாதிரி கோத்துவிடுங்கள். உள்ளே பஞ்சு வைத்து, சுருக்கை இழுத்துக் கட்டி முடிச்சை உள்ளே தள்ளிவிடலாம்.

வாய் திறந்து மூடும்படி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பஞ்சைக் கூட்டுவதும் குறைப்பதும் போட்டுக்கொள்பவர் கையில் இருக்கவேண்டும், துவைக்கும்போது பஞ்சை வெளியே எடுக்கவும் வேண்டும். உள்ளே ரெக்ரான் பஞ்சு (பாலியெஸ்டர் நார்) 15 முதல் 20 கிராம். தலையணையில் அடைப்பது போலத் திணிக்கக்கூடாது, பிய்த்துப் பிய்த்து விரித்து வைக்கவேண்டும். இலவம்பஞ்சும் மருந்துக்கடைப் பஞ்சும் ஈரம் பட்டால் கட்டி கட்டியாகிவிடும். இரண்டும் வேண்டாம்.

புண் ஆறி, அறுவை செய்த டாக்டர் சரி என்று சொன்ன பிறகே இதைப் போடலாம் என்ற வரியைக் கூட வைக்கும் சீட்டில் கட்டாயம் எழுதுங்கள். இரண்டு பக்கமும் அகற்றியவர்களுக்கு ஜோடியாகத் தேவைப்படும். அளவு கேட்கும்போது உள்ளாடை அளவும் கப் அளவும் கேட்கவேண்டும். அதை நோயாளியிடம் நேரே போய்க் கேட்காதீர்கள், சிஸ்டர் வழியாகக் கேளுங்கள்.

குறைமாதக் குழந்தைகள்

பச்சிளம் குழந்தைத் தொப்பியும் இதே பின்னல்தான், 2.5 மி.மீ. அல்லது 3 மி.மீ. ஊசியில் மெல்லிய பருத்தி. நிறைமாதக் குழந்தையின் தலை 33 முதல் 35 செ.மீ.; ஒன்று ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு 26 முதல் 29. நாடா, காது, உருண்டை எதுவும் வைக்காதீர்கள். நீண்ட கால்களோடு ஆக்டோபஸ் பொம்மை பின்னிக் கொடுக்கும் வழக்கம் டென்மார்க்கில் 2013-ல் தொடங்கி உலகமெங்கும் பரவியது. படத்தைப் பார்த்ததும் பின்னத் தோன்றும். ஆனால் கண்ணி கொஞ்சம் தளர்ந்தால் அந்தப் பிஞ்சு விரல் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், கால் நீளமானால் கழுத்தைச் சுற்றும். டென்மார்க்கில் பொம்மையின் காலை இழுத்துப் பிடித்தாலும் 22 செ.மீ. தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் மருத்துவமனை எழுத்தில் கேட்டால் தவிர இதைப் பின்னவேண்டாம் என்பது எங்கள் முடிவு.

மிஞ்சிய உல்லன்

உல்லன் என்று வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அக்ரிலிக் (செயற்கை இழை) நூலுக்கு நல்ல இடம் முதியோர் இல்லம், அதிலும் நீலகிரி, கொடைக்கானல் பக்கம். மடிப்போர்வையாகப் பின்னுங்கள், 75 × 90 செ.மீ. இதைவிடப் பெரிதானால் சக்கர நாற்காலியின் சக்கரத்தில் சிக்கும். கிரானி ஸ்கொயர் என்ற சதுரப் பின்னலின் பெரிய ஓட்டைகளில் கால்விரலும் மோதிரமும் மாட்டும். அதனால் நடுவில் ஓட்டையில்லாத சதுரமாக, 15 செ.மீ. அளவில், ஐந்துக்கு ஆறு என்று முப்பது சதுரம். அக்ரிலிக் தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கணப்புச் சட்டி வைத்துக் குளிர்காயும் வீடுகளுக்கு இதைக் கொடுக்காதீர்கள், அங்கே அசல் ஆட்டுக் கம்பளி உல்லன்தான் சரி.

பலர் சேர்ந்து பின்னுவதாக இருந்தால் சதுரத்தின் அளவை முதல் நாளே அட்டையில் வெட்டி எல்லார் கையிலும் கொடுத்துவிட வேண்டும். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழு 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய குழு அது. எங்கெங்கோ இருந்த பெண்கள் தனித்தனியாகப் பின்னிய போர்வைகளைச் சேர்த்துத்தான் அது அத்தனை பெரிதாயிற்று, சாதனைக்குப் பிறகு போர்வைகள் தானமாகவும் போயின. 'ஏறக்குறைய அரை முழம்' என்று வாயால் சொல்லி முப்பது பேர் பின்னினால், சேர்க்க உட்காருகிறவர் பாடு பெரும்பாடு.

துவைத்து, உறையிட்டு

கீமோவில் இருப்பவருக்கு நோய் எதிர்ப்பு குறைந்திருக்கும், பலருக்கு வாசனை எதுவானாலும் குமட்டும். இந்த இரண்டையும் வைத்துத்தான் இந்தக் கட்டத்தின் விதிகள் எல்லாம். வாசனையில்லாத திரவ சோப்பில் ஊறவைத்து, நுரை போகும்வரை மூன்று தண்ணீர் அலசுங்கள். கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊற்ற வேண்டாம். முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்திப் பிழிந்து, கவிழ்த்த பிளாஸ்டிக் கிண்ணத்தின்மேல் மாட்டிக் காயவையுங்கள், வட்டமாக நிற்கும். உள்பக்கம் வெளியே இருந்தால் நிறம் வெளுக்காது. ஈரம் சுத்தமாகப் போகவேண்டும். ஐப்பசி மழையில் அரைகுறையாகக் காய்ந்ததை உறையில் போட்டால் ஒரே வாரத்தில் பூஞ்சை வாடை வந்துவிடும். அந்த மாதத்தில் ஃபேனுக்குக் கீழே இரண்டு நாள் போடுங்கள்.

காய்ந்ததைத் தாளிக்கும் அடுப்படிப் பக்கமோ, ஊதுபத்தி ஏற்றும் பூஜை அறையிலோ வைக்காதீர்கள். பாச்சா உருண்டை போட்ட பீரோவும் கூடாது. வீட்டில் நாய், பூனை இருந்தால் அகல செல்லோடேப்பால் முழுக்க ஒற்றியெடுங்கள். ஒரு உறைக்கு ஒரு தொப்பி, ஜிப் உள்ள உறை.

உள்ளே ஒரு சீட்டு. '100 சதவீதம் பருத்தி. பெண்கள் அளவு, 54 முதல் 56 செ.மீ. தலைக்கு. கையால் துவைக்கவும், முறுக்கவேண்டாம். துவைத்து உறையிட்ட நாள்' என்று தமிழில் பெரிய எழுத்தில். 'சீக்கிரம் குணமாக வேண்டுகிறேன்' போன்ற வரிகளை விட்டுவிடுங்கள். குணமாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டவர்களும் அதே வார்டில் இருக்கிறார்கள், உறை யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. 'உங்களுக்காகப் பின்னியது' என்று எழுதினால் எல்லோருக்கும் பொருந்தும்.

கொடுக்கப் போகும்போது சிஸ்டரிடமோ சமூகப் பணியாளரிடமோ அளவுவாரியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். படுக்கை படுக்கையாகப் போய் நீட்டவும் வேண்டாம், போட்டோ எடுக்கவும் வேண்டாம். மேசையில் வைத்துவிட்டால் வேண்டியவர்கள் தாங்களே நிறம் பார்த்து எடுத்துக்கொள்வார்கள், நோய் வந்த நாளிலிருந்து அவர்களைக் கேட்காமலே எத்தனையோ நடந்திருக்கும் இடம் அது. இரண்டு வாரம் கழித்து ஒரு போன் போட்டு எந்த அளவு தீர்ந்தது, எந்த நிறம் அப்படியே கிடக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அடுத்த நூல் வாங்க அதுதான் பட்டியல்.